நிதானம் லீவில் இருக்கிறார்

சட்டம் எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சட்டக் கல்லூரியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பு என்னுடையது. அந்த நேரத்தில் உலகத்தின் தலைசிறந்த கோட்பாட்டைச் சொன்னாலும் பின்வரிசை தூங்கத்தான் செய்யும். முன்வரிசை கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும்.

கோட்பாடுகள் ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு கட்சிக்காரர்கள், கையில் கம்பு வைத்திருப்பவன் போடும் கட்டளைதான் சட்டம் என்பார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள், யாரும் போடுவதில்லை, பேச்சுமொழி மாதிரி ஜனங்களின் பழக்கத்திலிருந்து அது தானாக முளைக்கிறது என்பார்கள். மூன்றாவது கட்சிக்குப் பிழைப்புதான் எல்லாம். சோறு யார் கையில் இருக்கிறதோ சட்டமும் அவன் கையில்தான், மற்றதெல்லாம் மேல்பூச்சு. நான் நான்காவது கட்சி. சட்டம், தான் மாறிவிட்டதாக லேசில் ஒப்புக்கொள்ளாது. முதலில் பொய் சொல்லும். விதியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், நடந்த விஷயத்தை மாற்றிச் சொல்லும். அந்தப் பொய்க்குச் சட்டப் புனைவு என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம். பிறகு மனசாட்சி உறுத்தி நியாயம் என்று ஒன்று வரும். கடைசியில்தான் பேனாவை எடுத்து விதியையே திருத்துவார்கள். பொய், நியாயம், எழுத்து. இதுதான் படிக்கட்டு.

இதற்கு உதாரணம் கேட்டால், பிள்ளையில்லாதவன் ஊரான் பிள்ளையைத் தத்தெடுத்து, அவனைப் பெற்ற பிள்ளை என்றே சட்டம் சொல்லும் பழைய கதையைத்தான் எல்லா வாத்தியார்களும் சொல்வோம். எனக்கே அது புளித்துவிட்டது. அப்படிப்பட்ட சமயத்தில்தான் என் மச்சானின் டாக்சி ஸ்டாண்டில் நிதானம் செத்துப்போனார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ரயில் நிலையத்தின் பின்வாசலில் இருக்கும் டாக்சி ஸ்டாண்டுக்கு அவர்தான் தலைவர். அங்கே எல்லோரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிடுவதால் நானும் பல சமயம் அப்படியே கூப்பிட்டுவிடுவேன். கல்லூரி விட்டதும் அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். "எங்கண்ணன் ஸ்டாண்டை விட்டா உங்களுக்கு வேற போக்கிடமே இல்லையா?" என்று மனைவி கேட்பாள். ஆராய்ச்சி என்பேன். அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

ஆராய்ச்சிதான். அந்த ஸ்டாண்ட் ஒரு குட்டி ராஜ்யம். ஒரு தகரக்கூரை, அதன் தூணில் ஒரு பலகை, பலகையில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வண்டிக்காரரின் பெயர்த் தகடு. கூரைக்கு அடியில் எத்தனை வண்டி நிற்குமோ அத்தனை பேருக்குத்தான் இடம். வரிசையின் தலையில் நிற்கும் வண்டி, ஏறுகிறவர் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பக்கத்து ஊருக்குப் போனாலும் மறுக்கக்கூடாது. திரும்பி வந்தால் வாலில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது தூங்கலாம், ஆனால் சீட்டைச் சாய்க்கக்கூடாது. ஏன் கூடாது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "சாய்க்கக்கூடாதுன்னா கூடாது சார், அவ்வளவுதான்" என்றார்கள். ஆகா, இதைவிட அழகாகச் சட்டத்துக்கு யார் இலக்கணம் சொல்ல முடியும்!

ஒருவர் செத்தாலோ விலகினாலோ அவருடைய இடம் மகனுக்குப் போகும். மகன் இல்லையென்றால், காத்திருக்கிறவர்களில் முதல் ஆளுக்கு. இது ஸ்டாண்ட் தோன்றிய நாளிலிருந்து இருக்கும் விதி. நிதானத்துக்கு மகன் இல்லை.

நிதானம் என்பது பட்டப்பெயர். வண்டியை அப்படி உருட்டுவார். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர் வண்டியில் ஏறினால் அடுத்த ரயிலுக்குத்தான் போய்ச் சேருவார்கள் என்று கேலி செய்வார்கள். அவருக்கு நெஞ்சுவலி மட்டும் வேகமாக வந்து வேகமாக முடிந்துவிட்டது. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இளைய மகள், பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த மூத்த மகள். அந்தக் கம்பெனியும் அதே மாதத்தில் ஆட்களைக் குறைத்தபோது மூத்தவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான். அவருடைய டாக்சி ஒன்றுதான் மிச்சம். ஸ்டாண்டில் இடமில்லாத டாக்சி, ஊர் சுற்றிப் பெட்ரோல் குடிக்குமே தவிர வீட்டுக்குச் சோறு போடாது.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் ஸ்டாண்டில் கூட்டம் போட்டார்கள். நானும் பெஞ்சில் இருந்தேன். ஒரு வண்டியின் பானெட் மேல் டீ டம்ளர்கள், சுற்றிலும் வண்டிக்காரர்கள். தலைவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"நிதானம் எங்கப்பா?"

கேட்டவர் முந்தாநாள் அவரைத் தோளில் தூக்கியவர். கேட்கப்பட்டவர்கள் கூடவே நடந்தவர்கள்.

"லீவுல இருக்கான்" என்றார் ஒரு மூத்த வண்டிக்காரர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "உடம்பு சரியில்லாம லீவுல இருக்கறவன் வண்டிய மாத்தாள் ஓட்டலாம். அது நம்ம ஸ்டாண்டுல எப்பவும் உள்ளதுதானே?"

"எவ்வளவு நாளைக்கு லீவு?"

"உடம்பு சரியாகற வரைக்கும்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி எழுப்பும் ஒருவர் அங்கே உண்டு. டீயில் சர்க்கரை குறைந்தாலும் "ஒரு பாயிண்ட்" என்று எழுந்து நிற்பதால் பெயரே பாயிண்ட். நிதானத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அன்றைக்கு அவரும் பேசவில்லை. தலைவர், நிதானத்தின் தகட்டை ஆணியில் நேராகத் திருப்பி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ண நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விதியில் ஓர் எழுத்து மாறவில்லை! ஒரு மனிதன் செத்ததைத்தான் மாற்றிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததாகப் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தது, என் கண்முன்னால் டீ டம்ளர்களுக்கு நடுவே நடக்கிறது. வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னேன்.

"செத்தவர லீவுன்னு சொல்றது பொய்தானே? அதுக்கு ஏங்க இவ்வளவு குதிக்கறீங்க?" என்றாள்.

"பொய் இல்ல. சட்டப் புனைவு."

"நான் சொன்னா பொய், நீங்க சொன்னா புனைவு. சரி, கை கழுவிட்டு வாங்க."

மூத்த மகள் வந்து ஓட்ட ஆரம்பித்தாள். அப்பாவுக்கு நேர்மாறு, வண்டி புறப்படும்போதே கூரைத் தகரம் அதிரும். ஒருமுறை நிலைய வளைவில் வேகமாகத் திரும்பியதற்குத் தண்டனை கொடுத்தார்கள். மாற்றாளுக்குத் தண்டனை கொடுக்க விதி இல்லை, உரிமையாளருக்குத்தான். "நிதானம் ஒரு வாரம் ஸ்டாண்டைப் பெருக்கணும்" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். "நிதானம் இந்த வயசுல இப்படிப் பறக்கறாரே, உடம்பு என்னத்துக்காகும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு வாரம் துடைப்பம் பிடித்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை லீவை நீட்டிக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. கூட்டத்தில் தலைவர், லீவில் இருப்பவரின் உடல்நிலையை விசாரிக்க வேண்டும், மாற்றாள் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு பதிலைத் தவிர மாற்றாளுக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது.

"அப்பாவுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"அப்படியே இருக்காருங்க."

முதல் வருஷம் இதைக் கேட்டபோது நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்கள். இரண்டாம் வருஷம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அது ஒரு விசாரிப்பாகவே ஆகிவிட்டது. ஒருவர், "கவனிச்சுக்கோம்மா" என்றுகூடச் சொன்னார். மனதாரச் சொன்னார். அவருக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன். பொய் எப்படிப் பழுத்து உண்மையாகிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். கட்டுரை எழுதினேன். ஒரு கருத்தரங்கில் வாசித்தபோது, என்னை எப்போதும் ஏளனமாகப் பார்க்கும் துறைத்தலைவரே எழுந்து வந்து கை கொடுத்தார். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பின்வரிசைகூட விழித்துக்கொண்டது.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றி என் கட்டுரையில் ஒன்றும் கிடையாது. கட்டுரையில் முகத்துக்கு இடமில்லை.

மூன்றாம் வருஷம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையானது. வெட்டியவர் பாயிண்ட்.

ஸ்டாண்டில் எழுதி வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். பார்வை மங்கிய ஒரு வயசாளி, வண்டியைப் பின்னால் எடுக்கப்போய்த் தூணை இடித்து, கூரையே ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் பிறகு பலகையின் மேல்விளிம்பில் பெயிண்டால் எழுதினார்கள்: அறுபது முடிந்தால் இடம் முடிந்தது. பாயிண்டுக்கு அந்த மாதம் அறுபது முடிந்தது. கூட்டத்தில் எழுந்து, தன் தகட்டைத் தானே கழற்றி மகன் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாயிண்ட் உட்காரவில்லை.

"கடைசியா ஒரு பாயிண்ட்."

"போகும்போதுமா!" என்று சிரித்தார்கள்.

"நானும் நிதானமும் ஒரே வகுப்பு. என்னைவிட அவன் பதினஞ்சு நாள் மூத்தவன். நான் எறங்கிட்டேன். அவன் எப்ப எறங்கறான்?"

கைதட்டல் அடங்கிய இடத்தில் இந்தக் கேள்வி போய் உட்கார்ந்தது. காத்திருப்பவர்களில் முதல் ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பாயிண்டின் மருமகன். ஆறேழு வருஷமாக ஸ்டாண்டுக்கு வெளியே, வேப்பமரமோ பந்தலோ எதுவும் இல்லாத வெயிலில், யாருடைய கண்ணிலும் படாமல் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பவன். நல்ல பையன். அவன் பேரிலும் பிழை சொல்ல முடியாது.

"ஆமா, அடுத்தது என் மருமகன்தான்" என்றார் பாயிண்ட், யாரும் கேட்காமலே. "அதுக்காக நான் கேக்கறது தப்பாயிடுமா? செத்துட்டான்னு சொல்லுங்க, எடம் அடுத்தவனுக்கு. உசுரோட இருக்கான்னு சொல்லுங்க, அறுபதாச்சு, அப்பவும் எடம் அடுத்தவனுக்கு. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. ஆளுக்கொரு சட்டம் வேண்டாம்."

மகள் தன் வண்டியின் ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

தலைவர் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மாப்ள, நீ ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றவன். அந்தப் புள்ளைக்கு ஒரு வழி சொல்லு. இருக்கார்னாலும் எடம் போகுது, இல்லைன்னாலும் போகுது. அந்தக் குடும்பத்த நடுத்தெருவுல விட்டுட்டு நான் எப்படிச் சோறு திங்கறது?"

நான் அதற்காகவே காத்திருந்தேன். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"மச்சான், லீவுல இருக்கறவனுக்கு வயசு ஓடாதுன்னு வெச்சுக்குங்க. வேலை பார்க்கற நாள்தான் கணக்கு. அவர் லீவுல போனப்ப அம்பத்தேழு. லீவு முடியற வரைக்கும் அம்பத்தேழுதான்."

தலைவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "படிச்சவன் படிச்சவன்தான்யா!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு புனைவின் மேல் இன்னொரு புனைவு. கட்டுரைக்கு இரண்டாம் பாகமே எழுதலாம்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணக் கேட்டீங்களா?"

"அவளுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். கேட்டீங்களான்னுதான் கேட்டேன்."

"எல்லாத்துக்கும் ஒரு முட்டுக்கட்ட போடாதம்மா" என்று அவளுடைய அண்ணனே அவளை அடக்கிவிட்டார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் நானே எழுந்து விளக்கினேன். வகுப்பில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது, ஒருவர்கூடத் தூங்கவில்லை. பாயிண்ட் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். இடம் போய்விட்டாலும், பழக்கதோஷம், கூட்டத்துக்கு வந்திருந்தார்.

"அப்ப அவனுக்கு எப்பவுமே அம்பத்தேழா?"

"எப்பவுமே."

"குடுத்து வெச்சவன்" என்றார் பாயிண்ட். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் உட்கார்ந்துவிட்டார். மருமகனைத் திரும்பிப் பார்த்து, விடுடா பார்த்துக்கலாம் என்பதுபோலக் கையை அசைத்தார். காரியம் முடிந்தது. முறைக்காக லீவை நீட்டிக்கும் கேள்வியைக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. தலைவர் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"அப்பாவுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"எங்கப்பா செத்துட்டாருங்க."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ரயில் நிலையத்தில் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, யோசிச்சுப் பேசு" என்றார் தலைவர் மெதுவாக.

"மாத்தாளுக்குக் கூட்டத்துல பேச்சு கிடையாது" என்று, லீவு யோசனை சொன்ன அந்த மூத்த வண்டிக்காரர் அவசரமாகச் சொன்னார். "அவ சொன்னது கணக்குல வராது. தலைவரே, இன்னொருவாட்டி கேளுங்க." அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார் பாவம்.

"கேக்காதீங்க தலைவரே" என்றாள் அவள். "மாத்தாளாப் பேசல. செத்தவரோட பொண்ணாப் பேசறேன். வீட்டுல அம்மா முன்னாடி அழ முடியாது, அவங்க ஒடஞ்சுடுவாங்க. தங்கச்சி முன்னாடியும் முடியாது. வெளிய வந்து அழலாம்னா, இங்க அவரு லீவுல இருக்காரு. மூணு வருசமா ஒவ்வொரு நாளும் அவரு பேரச் சொல்லித்தான் என்னக் கூப்பிடறீங்க. 'நிதானம், வண்டிய எடு', 'நிதானம், முன்னாடி வா'. நானும் எடுக்கறேன், வர்றேன். நீங்க எல்லாரும் எங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. அதனாலதான் வாயத் தொறக்க முடியல. இப்ப அவருக்கு வயசே ஆகாதுன்னு சார் சொல்றாரு. அப்ப நான் சாகற வரைக்கும், 'அப்படியே இருக்காரு', 'அப்படியே இருக்காரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

"எடம் போயிடும்மா" என்றார் தலைவர்.

"தெரியும் தலைவரே."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வந்தது கோபம். கைக்கு எட்டியதை இவளே தட்டிவிடுகிறாளே! சோறு போடுவது உண்மையா புனைவா? யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய், எவ்வளவு நேர்த்தியாகக் கட்டிக் கொடுத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று இரண்டாம் தடவை மனதுக்குள் சொல்லும்போதே, அந்த வாக்கியம் நொண்டியது.

தலைவர் பலகையருகே போய், நிதானத்தின் தகட்டை ஆணியிலிருந்து எடுத்தார். ஒரு வண்டிக்காரர் இறந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டாம், நான் பார்த்ததில்லை. செத்தவரின் தகட்டை அவருடைய வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டு, அந்த வண்டி முன்னே போக, மற்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்காமல் பின்னால் வர, நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அதுவரை எவரும் ஆளை ஏற்றக்கூடாது. லீவில் இருப்பவருக்கு எப்படிச் சுற்ற முடியும்? மூன்று வருஷமாகச் சுற்றாமல் இருந்தது.

"மாப்ள, நீ அவகூடப் போ. தனியா விடாத" என்று தலைவர் என்னை அவள் வண்டியின் பின்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வண்டி ஊர்ந்தது. பார்சல் அலுவலகம், சைக்கிள் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி, முன்வாசல். கண்ணாடியில் தகடு ஆடி ஆடி டிக் டிக் என்று தட்டியது. அவள் அழுதாள். சத்தமில்லாமல் இல்லை, நன்றாக, வாய்விட்டு, "அப்பா, அப்பா" என்று அழுதாள். கையால் முகத்தைத் துடைக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. படித்த கோட்பாடு ஒன்றும் வாய்க்கு வரவில்லை. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த வண்டியில் பாயிண்ட். மகன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவரையும் அழ விடாமல்தான் வைத்திருந்திருக்கிறோம்.

சுற்றி முடித்து ஸ்டாண்டுக்குள் நுழைந்தோம். முன்னே போன வண்டி முன்னே வந்து நின்றது. அதாவது அவள் வண்டி வரிசையின் தலையில். அதற்குள் ஒரு ரயில் வந்து, பெட்டியும் மூட்டையுமாகப் பத்துப் பேர் கூரைக்கு அடியில் நின்று, ஒரு வண்டிகூட இல்லையே என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மாள், எக்ஸ்ரே உறை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, விறுவிறுவென்று வந்து கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரி. சீக்கிரம் போம்மா, அவர அங்க சேத்திருக்காங்க."

"இந்த வண்டி இல்லீங்க..." என்று ஆரம்பித்த அவள் மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினாள். அவளுக்கு இப்போது அங்கே இடம் இல்லை. இடம் இல்லாத வண்டி ஆள் ஏற்றக்கூடாது. ஆனால் தலையில் நிற்கும் வண்டி வந்த ஆளை மறுக்கவும் கூடாது. தலைவர் வந்து ஜன்னலருகே நின்றார். கூரைக்கு வெளியே பாயிண்டின் மருமகன் தன் வண்டியில் இருந்தான், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு முறைப்படி இடம் கிடைத்துவிட்டது. உள்ளே வர வேண்டியதுதான். இவளும் நின்றால் கூரைக்கு ஒரு வண்டி அதிகம். அதிகமாகும் ஒரு வண்டிக்கு எல்லோருடைய சோற்றிலிருந்தும் ஒரு பிடி போக வேண்டும். வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்குப் புனைவு ஒன்று கிடைக்குமா என்று பழக்கத்தில் என் மூளை துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை.

பாயிண்ட் இறங்கி வந்தார். முகம் வீங்கியிருந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். வண்டியின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினால் புறப்படலாம் என்று அர்த்தம். தலைவரைத் தவிர வேறு யாரும் தட்டக்கூடாது. பாயிண்டுக்குத் தகடும் இல்லை, இடமும் இல்லை, ஓட்டும் இல்லை. அவர் வந்து இரண்டு தட்டுத் தட்டினார்.

தட்டக்கூடாது என்று தலைவர் சொல்லவில்லை. மருமகன் இன்ஜினை அணைத்துவிட்டு, வழியிலிருந்து வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளினான்.

அவள் வண்டியை எடுத்தாள். கேட்டை நோக்கிப் போகும்போதுதான் அந்த அம்மாள் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, அழறியா என்ன?"

"அப்பா செத்துட்டாருங்க."

"அடக் கடவுளே! எப்போ?"

"இப்பதாங்க."

"இப்பவா! அப்புறம் எதுக்கும்மா வண்டி எடுத்தே? வேற யாராச்சும் வரமாட்டாங்களா?"

"என் முறைங்க" என்றாள்.

கேட்டருகே வண்டி நின்றது. "சார், நீங்க இங்க எறங்கிக்குங்க, அவங்களுக்கு அவசரம்" என்றாள். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன், அவள் போய்விட்டாள்.